எட்டு வாய்க்காரியும் என் வலது கையும்

1

போன ஞாயிற்றுக்கிழமை என் மனைவி வசந்தா என்னுடைய நீலக் கோட்டைப் பழந்துணி மூட்டையில் போட்டுவிட்டாள். நான் மூட்டையைப் பிரித்து அதை வெளியே எடுத்தேன். அவள் பிடுங்கினாள். நான் இழுத்தேன். ஐம்பதைத் தாண்டிய இரண்டு பேர் ஓஹையோ மாநிலத்தில் ஒரு வீட்டுக் கூடத்தில் நின்று, ஒரு கிழிந்த கோட்டுக்காகக் கயிறு இழுக்கும் போட்டி நடத்திக்கொண்டிருந்தோம்.

“காலர் கிழிஞ்சி தொங்குது. முழங்கையெல்லாம் பெட்ரோல் நாத்தம். பத்து வருசமா இதையே மாட்டிக்கினு கீற. அப்புடி இன்னா கீது இதுல?”

“என் பேரு கீதுமே,” என்றேன்.

அவள் கையை விட்டுவிட்டாள். நான் பின்னால் சரிந்து சோபாவில் விழுந்தேன். கோட்டு என் மேல் விழுந்தது. அப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தப் பெயர் கோட்டில் ஏறி இந்த மாதத்தோடு சரியாகப் பத்து வருடம். பிறந்தநாளையே மறக்கிறவன் நான். ஆனாலும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. வடமாலபேட்டையிலும் சித்தூரிலும் என்னைத் தெரிந்தவர்கள், “தாமு அமெரிக்காவுல இன்னாதான் செஞ்சிக்கினு கீறான்?” என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்களாம். அவர்களுக்காகத்தான் இது.

2

எங்கள் ஊர் ஆந்திராவில் வடமாலபேட்டைக்குப் பக்கத்தில், சென்னை சாலையிலிருந்து உள்ளே பிரிகிற மண் பாதையில் இருக்கிறது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, சண்டையில் இரண்டும். நிலம் கிடையாது. நைனா கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். பிறகு பஞ்சாயத்தில் அவருக்குக் குழாய் மூடுகிற வேலை கிடைத்தது. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. காலையில் ஒரு மணி நேரம் ஊரார் தண்ணீர் பிடித்த பிறகு, பதினான்கு தெருக்குழாய்களையும் சுற்றி வந்து சொட்டில்லாமல் மூட வேண்டும். தொட்டியில் மிச்சம் இருப்பதுதான் சாயங்காலத்துக்கு. ஒரு குழாய் ஒழுகினாலும் பஞ்சாயத்துத் தலைவரான சர்பஞ்சு, “ஏமய்யா, நீள்ளு ஊரிகே போத்துன்னாயி!” என்று தண்ணீர் வீணாவதைச் சொல்லித் தெருவே கேட்க அதட்டுவார்.

நைனா மூடிய குழாயைத் திறக்க மறுநாள் இரண்டு பெண்கள் வேண்டும். பள்ளிக்கூடம் போகிற வழியில் இருந்த ஏழு குழாய்கள் என் பங்கு. மூடிவிட்டோம் என்று தோன்றும். அதற்குப் பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு கால் சுற்று. அதுதான் எங்கள் வீட்டில் மூடுவது என்பதற்கு அளவு.

அந்தக் கையோடுதான் நான் திருப்பதிக்கு மெக்கானிக் வேலைக்குப் போனேன். என் மாமன் மகன் கோபாலும் நானும் டாக்ஸி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டிருந்தோம். மலை ஏறி இறங்குகிற கார்களுக்கெல்லாம் கார்புரேட்டர் பார்ப்பது எங்கள் வேலை. கார்புரேட்டர் என்பது பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுகிற சாதனம். அதில் ஊசி மாதிரி முனையுள்ள ஒரு திருகு இருக்கும். அதை உள்ளே திருகினால் பெட்ரோல் குறையும், வெளியே திருகினால் கூடும். வருகிற டிரைவர்கள் எல்லோருக்கும் ஒரே கோரிக்கை. “அண்ணா, மைலேஜி கொஞ்சம் சூடண்ணா!” என்று தெலுங்கில் பார்க்கச் சொல்வார்கள். நாங்கள் பார்த்தோம். நன்றாக இறுக்கி இறுக்கிப் பார்த்தோம். எங்கள் கொட்டகையிலிருந்து போன கார்கள் பெட்ரோலை வாசனை மட்டும் பிடித்துக்கொண்டு மலை ஏறின.

அப்புறம் நாடு வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குக் கதவைத் திறந்துவிட்டது. புதுப்புதுக் கார்களாக வந்து இறங்கின. ஒருநாள் பளபளவென்று ஒரு கார் எங்கள் கொட்டகைக்கு வந்தது. கோபால் பானெட்டைத் தூக்கி உள்ளே தலையை விட்டுத் தேடினான். முன்னால் தேடினான், பின்னால் தேடினான். வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

“ஒரேய் தாமு, கார்புரேட்டர எவனோ கழட்டிக்கினு பூட்டான்டா! ஸ்டேசன்ல கம்ப்ளெய்ன்ட் குடுக்கலாமா?”

அந்தக் காரில் கார்புரேட்டரே கிடையாது. பெட்ரோலைக் கணினி பார்த்து ஊற்றுமாம். நாங்கள் இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுச் சிரித்தோம். வேறென்ன செய்வது? அதே சமயத்தில் என் வீட்டிலும் கணினி புகுந்திருந்தது. வசந்தா சித்தூரில் அதைப் படித்துத் தேறியிருந்தாள். இரண்டாயிரமாவது வருடம் பிறக்கிறபோது உலகத்துக் கணினியெல்லாம் நின்றுவிடும் என்று அமெரிக்கா பயந்துபோய் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளைக் கூவிக் கூவி அழைத்த காலம் அது. வசந்தாவை அழைத்தார்கள். அவளோடு ஒட்டிக்கொண்டு நானும் வந்தேன்.

3

என் விசாவுக்கு அர்த்தம், இந்த ஆள் கூட வந்தவன், வேலை செய்யக் கூடாது என்பது. படிவத்தில் தொழில் என்ற இடத்தில் மெக்கானிக் என்று எழுதினேன். கவுண்டரில் இருந்த அம்மாள் தலையை ஆட்டினார். இங்கே நீங்கள் எந்தத் தொழிலும் செய்யவில்லையே என்று கேட்டு, அதை அடித்துவிட்டு, வீட்டைப் பார்த்துக்கொள்பவர் என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார். எட்டு வருடம் வீட்டைப் பார்த்துக்கொண்டேன். வீடும் என்னைப் பார்த்துக்கொண்டது. நடுநடுவே கடிதம் வரும். புதுப் போட்டோ அனுப்பு, முகம் நேராக இருக்க வேண்டும், நிழல் விழக் கூடாது என்று. என் முகம் அதே இடத்தில்தான் இருக்கிறது என்பதைத் திரும்பத் திரும்ப நிரூபித்தேன்.

மகள் மேகலாவைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவன் நான்தான். தமிழ் பேசிப் பேசித்தான் வளர்த்தேன். அவளோ பள்ளிக்கூடம் போன முதல் வருடத்திலேயே ஆங்கிலத்துக்குக் குடிபோய்விட்டாள். நைனா, வேணாம், போதும் என்கிற மூன்று சொல்தான் கொஞ்ச காலம் மிச்சமிருந்தது; பிறகு வந்த தமிழிலும் பாதி ஆங்கிலம். புளிசாதம் கட்டிக் கொடுத்தால் அப்படியே திரும்பி வரும். அவள் எழுதுவதுகூட இடது கையால். நம் பக்கத்திலிருந்து இந்தப் பெண்ணுக்கு ஒன்றுமே ஒட்டவில்லையே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

வேலை செய்யலாம் என்ற அட்டை வந்த அன்று நான் கூடத்தில் ஆடினேன். மறுநாளே வால்டரின் பட்டறைக்குப் போய் நின்றேன். வால்டர் பழைய அமெரிக்கக் கார்களின் எரிபொருள் பாகங்களை மட்டும் புதுப்பிக்கிறவர். ஒரு காலத்தில் இந்த ஊரில் பலத்துக்காக மட்டுமே கார் செய்தார்கள். மசில் கார் என்று பெயர். ஒரு கார்புரேட்டர் ஊட்டுவது அந்த எஞ்சின்களுக்குப் போதாது. இரண்டு, மூன்று என்று வரிசையாக வைத்திருப்பார்கள். கார்புரேட்டர் இல்லாத கார் வந்து என் பிழைப்பைக் கெடுத்தது என்று கடல் தாண்டி வந்தால், இங்கே ஒரு காருக்கு மூன்று கார்புரேட்டர்! கோபாலுக்குப் போன் போட்டுச் சொன்னேன். “பொய் சொல்லாதடா, ஏடுகொண்டலவாடு பாத்துக்கினு கீறாரு,” என்று ஏழுமலையானைச் சாட்சிக்கு இழுத்தான்.

முதல் மூன்று வருடம் வால்டர் எனக்குக் கழுவுதொட்டி வேலைதான் கொடுத்தார். பழைய பாகங்களை ஊறவைத்து அழுக்கெடுக்க வேண்டும். தப்பு அவர் மேல் இல்லை. காரில் கேஸ் போடு என்றார்; பெட்ரோலைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறார்கள் என்று தெரியாமல் நான் பட்டறை முழுக்க சிலிண்டர் தேடினேன். பானெட் என்றால் இங்கே பெண்கள் தலையில் கட்டுகிற குல்லா என்பதும் எனக்குத் தெரியாது. ஒரு வாடிக்கையாளர் அம்மாளிடம் உங்கள் பானெட்டைத் திறக்கட்டுமா என்று மரியாதையாகக் கேட்டேன். அவர் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

அந்த அம்மாள்தான் ரூத். எழுபதைத் தாண்டியவர், பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். இருபது வயதில் வாங்கிய காரை இன்னும் வைத்திருந்தார். கருஞ்சிவப்பு நிறம். இரண்டு கார்புரேட்டர், ஒவ்வொன்றுக்கும் நான்கு வாய். நான் அதற்கு எட்டு வாய்க்காரி என்று பெயர் வைத்தேன். பழைய கார்களுக்கு நடக்கிற ஒரு போட்டியில் அதை நிறுத்த வேண்டும் என்பது ரூத்தின் ஆசை. அங்கே நடுவர்கள் பார்ப்பது, கார் நன்றாக இருக்கிறதா என்பதை அல்ல. தொழிற்சாலையை விட்டு வந்த அன்று இருந்தபடி இருக்கிறதா என்பதை. எனக்கு இது புரியவே நாளாயிற்று. எங்கள் கொட்டகையில் நாங்கள் கை வைத்துத் திருத்தாமல் ஒரு காரும் வெளியே போனதில்லை. இங்கே தொழிற்சாலைக்காரன் ஒரு ஸ்பிரிங்கைக் கோணலாக மாட்டியிருந்தால் நாமும் கோணலாகத்தான் மாட்ட வேண்டும். அந்தக் காலத்தில் பரிசோதகர்கள் பாகங்களின் மேல் சின்னதாகப் பெயிண்டுப் புள்ளி வைப்பார்களாம். அந்தப் புள்ளிகூட அதே நிறத்தில், அதே இடத்தில் இருக்க வேண்டும்.

வால்டருக்கு அப்போது கண்ணில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. என்னைக் கூப்பிட்டு அவர் சொன்னது இன்னும் எனக்கு மனப்பாடம். “தாமோதரன், இந்தக் காரை நீ செய். சனிக்கிழமை போட்டியில் எரிபொருள் பகுதிக்கு முழு மதிப்பெண் வாங்கினால், திங்கட்கிழமையிலிருந்து கார்புரேட்டர் மேசை உன்னுடையது. பெயர் தைத்த கோட்டும் உண்டு. வாங்கவில்லை என்றால் மறுபடி தொட்டி.”

எட்டு வருடம் வீடு, மூன்று வருடம் தொட்டி. அந்தக் கோட்டு எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

4

அந்தக் காரின் ரிப்பேர் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்தேன். துளைகளின் எண் சரி. மிதவையின் உயரம் சரி. இரண்டு கார்புரேட்டர்களையும் இணைக்கிற கம்பியின் நீளம் சரி. கடைசியாக அந்த ஊசித் திருகுகள், மொத்தம் நான்கு. லேசாக மூடு, பிறகு ஒன்றரைச் சுற்று வெளியே எடு என்று புத்தகம் சொன்னது. அப்படியே மூடினேன், ஒன்றரைச் சுற்று எண்ணி வெளியே எடுத்தேன்.

வியாழக்கிழமை எஞ்சினைக் கிளப்பினோம். நின்ற இடத்தில் சுமாராக ஓடியது. பெடலை மிதித்ததும் ஒரு கணம் திணறி, ‘பொக்’ என்று வாய் வழியாகத் துப்பியது. பெட்ரோல் போதாவிட்டால் இப்படித்தான் துப்பும் என்றார் வால்டர். எல்லாவற்றையும் மறுபடி பார்த்தோம். நான்கு திருகையும் மூடி, ஒன்றரைச் சுற்றை வாய்விட்டு எண்ணினேன். பொக். மூன்றாவது தடவையும் பொக். வால்டர் கழுவுதொட்டிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

“ஒன்ன ஃபேக்டரி செட்டிங்குக்குத் திருப்பணும்னா வடமாலபேட்டைக்குத்தான் அனுப்பணும்,” என்று வசந்தா கிண்டல் செய்தாள். நான் சிரிக்கவில்லை என்றதும், “விடுய்யா, தொட்டியே இருந்துட்டுப் போவுது,” என்று முதுகைத் தட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலை மேகலா பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. தண்ணீர் பிடிக்க சமையலறைக் குழாயைத் திருகினாள். அது அசையவில்லை. ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கு அடியில் குனிந்து ஒரு பிளையரை எடுத்தாள். இடது கையால் பிடித்துத் திருப்பினாள். குழாய் கீச்சென்று கத்திக்கொண்டு திறந்தது.

“அங்க எதுக்கு பிளையர்?” என்றேன்.

“எப்பவும் இங்கதான் இருக்கும், நைனா. அம்மா வெச்சது. நீ க்ளோஸ் பண்ணா யாருக்கும் ஓப்பன் ஆவாது. ஊறுகா பாட்டில், குழாய், ஸ்டவ் எல்லாம். நார்மல் பீப்பிள் க்ளோஸ் பண்ற எடத்துக்கு மேல நீ இன்னும் கொஞ்சம் போவ.”

நான் அவளையே பார்த்தேன். அவள் பயந்துபோய், “சாரி,” என்றாள். நான் அவள் தலையைப் பிடித்து நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, வீட்டுச் செருப்போடு காரில் ஏறிவிட்டேன்.

ஒன்றரைச் சுற்று சரிதான். எங்கிருந்து ஒன்றரை? புத்தகக்காரன் லேசாக மூடு என்றான். நான் சர்பஞ்சுக்குப் பயந்து கால் சுற்று அதிகமாக மூடியிருக்கிறேன், அந்த அளவுக்குப் பெட்ரோல் குறைந்திருக்கிறது! பட்டறைக்குப் போய் நான்கு திருகுகளையும் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன். நான்கு ஊசி முனைகளிலும் வளையம் வளையமாகத் தடம் விழுந்திருந்தது. அவ்வளவு அழுத்தம். வால்டர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, “இதை யார் செய்தது, யானையா?” என்றார்.

அதே காலத்தில் செய்த, இதுவரை பயன்படுத்தாத திருகுகள் நான்கு டப்பாவில் இருந்தன. முதல் திருகைப் போட்டதும் என் வலது கை பழையபடி பல்லைக் கடிக்க ஆரம்பித்தது. சட்டென்று எடுத்துவிட்டேன். அதற்கு எவ்வளவு சொன்னாலும் புரியாது. இடது கைக்கு மாற்றினேன். இடது கைக்கு எந்தக் குழாயையும் தெரியாது. நல்ல காரியத்துக்கு இடது கையா என்று மனசு உறுத்தியது. ஏழுமலையானிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, தூங்குகிற குழந்தையின் அறைக் கதவைச் சாத்துகிற மாதிரி மூடினேன். ஊசி போய்த் தொட்டதும் நின்றேன். அங்கிருந்து ஒன்றரைச் சுற்று.

எஞ்சின் கிளம்பியது. பெடலை மிதித்தேன். எட்டு வாயும் ஒன்றாகத் திறந்து, பட்டறையின் ஜன்னலெல்லாம் கடகடவென்று ஆடின. துப்பவில்லை, திணறவில்லை. குடித்தது. அப்படிக் குடித்தது! வாழ்நாளெல்லாம் பெட்ரோலை மிச்சம் பிடித்த எனக்கு, ஒரு எஞ்சின் வயிறாரக் குடிப்பதைக் கேட்டு மயிர்க்கூச்செறிந்தது. “ஏடுகொண்டலவாடா, வெங்கடரமணா, கோவிந்தா கோவிந்தா!” என்று கத்தினேன். இது என்ன தொழில்நுட்பச் சொல்லா என்று வால்டர் கேட்டார். ஆமாம் என்றேன்.

அந்த சந்தோஷத்தில் ஒரு வேலை செய்தேன். பர்சில் இருந்த பிரசாதக் குங்குமத்தை எடுத்து, முன் கார்புரேட்டரின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தேன். திருப்பதியில் வேலை முடிந்த வண்டியைப் பொட்டில்லாமல் நாங்கள் அனுப்பியதே இல்லை. வைத்ததை மறந்தும் போனேன்.

5

சனிக்கிழமை, ஒரு பெரிய புல்வெளியில் நூறு கார்களுக்கு மேல் நின்றன. வசந்தா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். மேகலாவும் வந்தாள், ஆனால் எங்களோடு வந்ததாகத் தெரியாத தூரத்தில் நின்றாள். ரூத் இருபது வயதில் போட்டிருந்த தோல் சட்டையைப் போட்டுக்கொண்டு ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

நடுவர் ஒரு மெலிந்த மனிதர். கையில் அட்டை, காதில் பென்சில். ஒவ்வொரு பாகமாக டார்ச் அடித்துப் பார்த்து டிக் போட்டார். கம்பி சரி, ஸ்பிரிங் சரி, திருகு சரி. டார்ச் வெளிச்சம் முன் கார்புரேட்டரில் வந்து நின்றது. அங்கேயே நின்றது.

“இந்தச் சிவப்புப் புள்ளி?” என்றார்.

நான் வைத்து மறந்துபோன குங்குமப் பொட்டு! அவர் பட்டியலைப் புரட்டினார். மஞ்சள் புள்ளி உண்டு, வெள்ளைப் புள்ளி உண்டு. சிவப்பு இல்லை. வேறு தொழிற்சாலையில் செய்ததாக இருக்குமோ என்று அவரே யோசித்தார். இன்னொரு நடுவரைக் கூப்பிட்டார். அவரும் குனிந்து பார்த்து, அபூர்வமாக இருக்கிறதே என்றார். ஆமாம், வேறு தொழிற்சாலை என்று நான் சொல்லியிருந்தால் போதும். சொல்லத்தான் நாக்கு எழுந்தது. நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டு வசந்தா எதிரே நின்றாள்.

“அது தொழிற்சாலை வைத்ததில்லை, ஐயா. நான் வைத்தது,” என்றேன். “எங்கள் ஊரில் வேலை சரியாக முடிந்தால் வைப்போம்.”

நடுவர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். “பெயிண்டா?”

“தூள்.”

“அழியுமா?”

நான் கட்டைவிரலால் துடைத்தேன். சுத்தமாக வந்துவிட்டது. குங்குமத்தைத் தரையில் உதறக் கூடாதே! யோசிக்காமல், பழக்கத்தில், விரலை என் நெற்றியில் தேய்த்துக்கொண்டேன். நடுவர் கார்புரேட்டரைப் பார்த்தார். என் நெற்றியைப் பார்த்தார்.

“இப்போது சரியான இடத்தில் இருக்கிறது,” என்று சொல்லிவிட்டு, எஞ்சினைக் கிளப்பச் சொல்லிக் கை காட்டினார்.

ரூத் அம்மாள் கிளப்பினார். மிதித்தார். எட்டு வாய்க்காரி போட்ட சத்தத்தில் வசந்தாவின் முந்தானை பறந்தது. தூரத்தில் நின்ற மேகலா, “நைனா!” என்று கத்திக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து ஓடி வந்தாள். எங்களோடு வந்தவள் என்று ஊருக்கே தெரிந்துபோயிற்று. எரிபொருள் பகுதிக்கு முழு மதிப்பெண்.

திங்கட்கிழமை மேசை மேல் கோட்டு இருந்தது. தாமு என்று சுருக்கித் தைக்கலாமே என்று சொல்லியிருந்தேன், வால்டர் கேட்கவில்லை. தொழிற்சாலை வைத்த பெயரை மாற்றக் கூடாது என்று தாமோதரன் முழுவதையும் தைக்க வைத்திருந்தார். கடைசி எழுத்து அக்குளுக்குள் போய்விட்டது. கையைத் தூக்கினால்தான் முழுப் பெயரும் தெரியும். அன்று முழுக்க நான் கையைத் தூக்கிக்கொண்டே திரிந்தேன்.

6

போன ஞாயிற்றுக்கிழமைக்கே வருகிறேன். கோட்டு மடியில் கிடக்க, நான் சோபாவிலேயே உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. மேகலா. இப்போது வேலைக்குப் போகிறாள். இரண்டு மாநிலம் தள்ளி ஒரு தோழியோடு தனி வீடு. முன்பு வாரம் ஒரு முறை பேசுவாள். பிறகு மாதம் ஒரு முறை. பேச ஆரம்பிக்கும்போதே சார்ஜ் தீர்ந்துகொண்டிருக்கும்.

அன்று குரலில் சிரிப்பும் எரிச்சலும் கலந்திருந்தது. “நைனா, இங்க பெரிய ஃபைட். ப்ளம்பர் மூணாவது வாட்டி வந்துட்டுப் போறான். குழாய்ல வாஷர் நசுங்கிப் போச்சாம். இந்த வூட்ல கொரில்லா எதனா இருக்குதான்னு கேக்கறான்.”

“யாரு மூடறது, உன் தோழியா?”

“அவதான் பிளையர் வாங்கி வெச்சிக்கினு கீறா, நைனா.”

வசந்தா பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரைப் போட்டாள். சிரிக்க ஆரம்பித்தவளால் நிறுத்த முடியவில்லை. என்னாலும்தான். மேகலாவுக்குப் பதினான்கு தெருக்குழாய்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. என் நைனாவை அவள் போட்டோவில்தான் பார்த்திருக்கிறாள். புளிசாதம் திருப்பி அனுப்பியவள், மூன்று சொல் தமிழில் வளர்ந்தவள். சந்தோஷத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வசந்தா என் மடியிலிருந்த கோட்டை எடுத்தாள். மடித்து அலமாரியில் வைத்தாள்.

“சிரிச்சது போதும், இதுக்கு ஐடியா சொல்லு,” என்றாள் மேகலா.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, இடது கையால் மூடிப் பாரு கண்ணு, அதுக்கு எந்தக் குழாயும் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் நினைவு வந்தது, அவள் மூடுவதே இடது கையால்தான்.